அமெரிக்கத் தமிழ்ச் சபைகளில் துப்பாக்கி: யார் வைத்திருக்கலாம், எப்படி, எதற்குப் பிறகு

சபைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச மூப்பர்கள் கூடினால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு துப்பாக்கிக்குப் போய்விடும். யார் வைத்துக்கொள்வது, எந்த ரகம், எங்கே சுடப் பழகுவது என்று. அது கடைசியில் வரவேண்டிய பேச்சு. ஞாயிறுதோறும் சபையில் நிஜமாக நடப்பது மயக்கம், நெஞ்சுவலி, கண்ணில் படாமல் போன குழந்தை, கார் கண்ணாடி உடைப்பு, பிரிந்து வாழும் தம்பதிக்குள் பிள்ளையை யார் கூட்டிப்போவது என்ற தகராறு. இவற்றைச் சமாளித்துப் பழகிய குழுதான் ஆயுதத்தோடு ஒருவன் வரும் நாளிலும் கலங்காமல் நிற்கும்.

ஆனால் துப்பாக்கி பற்றிய ஒரே ஒரு வேலை மட்டும் முதலிலேயே முடிய வேண்டும். இன்றைக்கு உங்கள் ஆராதனை மண்டபத்துக்குள் எத்தனை துப்பாக்கிகள் வருகின்றன, யாரிடம் என்று தெரிந்துகொள்வது. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் கமிட்டிக்குத் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அனேகமாக இருப்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். இருந்தாலும் கலவரம் மூளும் நேரத்தில் கையில் துப்பாக்கியோடு எழும் ஆள் நம்மவரா அல்லவா என்று பக்கத்து வரிசைக்கே தெரியாது. போதகரோ பாதுகாப்புப் பொறுப்பாளரோ தனித்தனியாகக் கேட்டு, பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளட்டும். மேடையிலிருந்து கேட்க வேண்டாம். கேட்டால் பதில் வராது.

பெயர்ப் பட்டியல் கையில் வந்ததும் கமிட்டி மூன்றில் ஒன்றைத் தீர்மானமாக எழுத வேண்டும்: வளாகத்தில் யாருக்கும் துப்பாக்கி கிடையாது, எழுத்து மூலம் அனுமதி பெற்ற குழுவினருக்கு மட்டும், அல்லது சட்டம் அனுமதிக்கும் எல்லோருக்கும். மூன்றாவது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. முதல் இரண்டில் எது சரி என்பது சபையின் அளவையும் பயிற்சி பெற்ற ஆள்பலத்தையும் பொறுத்தது. முன்னாள் ராணுவத்தினரோ காவல்துறையினரோ ஒருவர்கூட இல்லாத ஐம்பது பேர் சபைக்கு, பணியில் இல்லாத நேரத்தில் வரும் உள்ளூர் போலீஸ்காரர் ஒருவரை மணிக்கூலிக்கு அமர்த்துவதுதான் புத்திசாலித்தனம்.

விசா விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கிடைக்கும் சபைப் பாதுகாப்புக் கையேடுகள் அமெரிக்கக் குடிமக்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் சபைகளுக்குப் பொருந்தாத இடம் இதுதான். கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவின்படி, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது குற்றம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பேரப்பிள்ளையைப் பார்க்க பி-2 விசாவில் வந்த பெற்றோர், எல்லோரும் இதில் அடக்கம். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. 2022க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நாடுகடத்தலும் சேர்ந்து வரும். “வைத்திருப்பது” என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதற்குள் வந்துவிடும். ஆகவே விசாவில் இருப்பவருக்குக் குழுவில் வாசல், வானொலி (வாக்கி-டாக்கி), முதலுதவி ஆகிய பொறுப்புகள் தரலாம். துப்பாக்கியை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுகூடக் கொடுக்கக்கூடாது. க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. குடும்ப வன்முறை வழக்கில் தண்டனையோ நீதிமன்றத் தடையாணையோ இருந்தால் குடிமகனானாலும் தடை உண்டு. இதைக் கேட்கக் கூச்சப்படாமல் குழுவில் சேரும் விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வியாகப் போட்டுவிடுங்கள்.

மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். டெக்சஸில் சபை தடைசெய்து அறிவிக்காவிட்டால் உரிமம் உள்ளவர் கொண்டு வரலாம். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. தடைசெய்ய விரும்பும் சபை 30.06, 30.07 என்ற எண்களால் அறியப்படும் பலகைகளைச் சட்டம் சொன்ன வாசகத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், வாசலில் வைக்க வேண்டும். 2021 முதல் உரிமமின்றியும் எடுத்துச்செல்லலாம் என்றானதால் 30.05 பலகையும் சேர்ந்துகொண்டது. “துப்பாக்கிக்கு அனுமதி இல்லை” என்று அழகாக அச்சடித்து ஒட்டினால் மட்டும் போதாது. ஜார்ஜியாவில் தலைகீழ்: சபையின் நிர்வாகம் அனுமதித்தால்தான் உண்டு. மிச்சிகனில் மறைத்து எடுத்துவர வழிபாட்டுத் தலத்தின் தலைவர் அனுமதிக்க வேண்டும். நியூயார்க் 2022இல் வழிபாட்டுத் தலங்களில் முழுவதும் தடைசெய்து, 2023இல் அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. ஒரே கட்டடத்தில் பள்ளிக்கூடமும் இயங்கினால் பள்ளிகளுக்கான சட்டங்களும் வந்து சேரும். உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

இன்னொரு சிக்கல் சம்பளமும் சீருடையும். பல மாநிலங்களில் காவல் வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். டெக்சஸ் 2017 முதல் சபைத் தொண்டர்களுக்கு அதிலிருந்து விலக்களித்திருக்கிறது. ஆனால் சீருடை அணிந்தோ காவலர் என்று காட்டும் சின்னம் குத்தியோ நிற்கக்கூடாது. “செக்யூரிட்டி” என்று அச்சிட்ட டி-ஷர்ட் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

நம் சபைகளில் பல, பிற்பகலில் வேறொரு சபையின் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பவை. அப்படியானால் துப்பாக்கி பற்றிய முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. உரிமையாளர் சபையின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அவர்கள் காப்பீடு வாடகைதாரரின் ஆயுதக் குழுவைக் காக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்க வேண்டும். “தொண்டர்தானே, சட்டம் காப்பாற்றும்” என்று சிலர் சொல்வார்கள். 1997இன் தொண்டர் பாதுகாப்புச் சட்டம், தேவையான உரிமம் உள்ள, கடும் கவனக்குறைவு இல்லாத தனிமனிதரைத்தான் காக்கிறது, சபையைக் காக்காது.

வாசலும் கதவும்

150 பேர் கூடும் சபைக்கு எட்டுப் பேர் தேவை: வண்டி நிறுத்துமிடத்தில் இருவர், பிரதான வாசலில் இருவர், மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவர், முன்பக்கம் பிரசங்க பீடத்துக்கு அருகில் ஒருவர், ஞாயிறு பள்ளிப் பக்கம் ஒருவர், முதலுதவிக்கு ஒருவர். இவர்களில் ஆயுதம் உள்ளவர்கள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஞாயிறு பள்ளிப் பக்கம் நிற்பவரிடம் துப்பாக்கி வேண்டாம். பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள், இடுப்பைப் பிடித்து இழுப்பார்கள். அவர் வேலை கதவைப் பூட்டுவது மட்டுமே. ஆராதனைக்கு அரைமணி முன்பிருந்து கடைசிக் கார் கிளம்பும்வரை பணி. பலர் ஆசீர்வாத ஜெபத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். கூட்டம் வாசலில் நெருக்கி நிற்பதும், யார் எங்கே என்று தெரியாமல் போவதும் அதற்குப் பிறகுதான்.

வாசலில் நிற்பவரின் கருவி பேச்சு. “வாங்க, முதல் தடவையா வர்றீங்களா? யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டுக் கைகுலுக்கினால் போதும், பாதி தெரிந்துவிடும். முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள். வெயிலில் கனத்த கோட்டு, ஒரு பக்கமாக இழுபடும் பை, உள்ளே வராமல் கட்டடத்தைச் சுற்றி வருவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. நிறமும் உடையின் ஏழ்மையும் அறிகுறிகள் அல்ல. சந்தேகம் வலுத்தால் இருவர் அவரை வெளியே அழைத்துப் பேசட்டும்; மூன்றாமவர் போனில் 911 தயாராக வைத்துத் தள்ளி நிற்கட்டும்.

இதையும் மீறி நடக்கும். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் இமானுவேல் சபையில் கொலைகாரன் வேதபாடக் கூட்டத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ஒன்பது பேரைக் கொன்றான். 2019 டிசம்பர் 29 அன்று டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட்டில் பொய்முடி, பொய்த்தாடி, நீளக் கோட்டோடு வந்தவனைக் குழு சரியாகவே கவனித்து, கேமராவையும் திருப்பி வைத்திருந்தது. அவன் எழுந்து ஷாட்கன்னை எடுத்ததிலிருந்து பின்புறம் நின்ற தொண்டர் ஒருவர் அவனைச் சுட்டு வீழ்த்தியது வரை ஆறு விநாடி. அந்த ஆறு விநாடிக்குள் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். ஒருவர் தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த குழு உறுப்பினர். உட்கார்ந்த நிலையில், கோட்டுக்கு அடியிலிருந்து எடுப்பது மெதுவான காரியம். சந்தேகப்பட்ட ஆளின் பின்னால், எழுந்து நிற்கும் நிலையில், கை சும்மா இருக்கும்படி ஒருவரை வையுங்கள்.

கதவுகளுக்கு வருவோம். ஆராதனை தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் பிரதான வாசல் தவிர எல்லாக் கதவும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடியும், உள்ளிருந்து ஒரே தள்ளலில் திறக்கும்படியும் இருக்க வேண்டும். அதற்குத் தள்ளுதண்டு வைத்த பூட்டுதான் வழி. சங்கிலி, தாழ்ப்பாள், கதவுக்குக் குறுக்கே கம்பி எதுவும் கூடாது. தீயணைப்பு விதி அனுமதிக்காது என்பதோடு, வெளியேறும் வழியும் அடைபடும். 2022 மே மாதம் கலிஃபோர்னியாவின் லகுனா வுட்ஸில் தைவானியச் சபையைத் தாக்கியவன் கதவுகளுக்குச் சங்கிலி போட்டதே அதற்குத்தான். பிரதான வாசலில் தாமதமாக வருகிறவர்களுக்காக ஒருவர் கடைசிவரை நிற்க வேண்டும். நம் சபைகளில் அவருக்கு வேலை குறையாது. 2025 ஆகஸ்டில் மினியாபொலிஸ் அனன்சியேஷன் கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி தொடங்கியதும் கதவுகளைப் பூட்டும் வழக்கம் இருந்ததால் தாக்கியவனால் உள்ளே நுழைய முடியவில்லை. அவன் ஜன்னல் வழியே சுட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஆகவே கண்ணாடியையும் பாருங்கள். பாதுகாப்புப் படலம் ஒட்டினால் குண்டு நிற்காது. உடைத்து நுழைவது தாமதமாகும். படலத்தை ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்காவிட்டால் கண்ணாடி மொத்தமாகப் பெயர்ந்து விழும்.

வானொலிக்கு எஃப்ஆர்எஸ் எனப்படும் குறைந்த தூர வாக்கி-டாக்கி போதும், உரிமம் தேவையில்லை. ரகசியக் குறியீட்டு எண்கள் வேண்டாம். பதற்றத்தில் எவருக்கும் நினைவு வராது. “பின்கதவு, ஒரு ஆள், கத்துகிறார்” என்று நேராகச் சொல்லப் பழகுங்கள்.

பணத்துக்கு, கூட்டாட்சி அரசின் பேரிடர் முகமையான ஃபெமாவின் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியம் இருக்கிறது. மாநில நிர்வாக முகமை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 நிதியாண்டில் ஓர் இடத்துக்கு உச்சவரம்பு 2,00,000 டாலர். கதவு, கேமரா, விளக்கு, பயிற்சி ஆகியவற்றுக்குக் கிடைக்கும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கிடைக்காது. விண்ணப்பக் காலம் குறுகியது. யுஇஐ எண்ணையும் (அரசு நிதி பெற அமைப்புக்குத் தரப்படும் அடையாள எண்) அந்தக் கட்டடத்தின் பலவீனங்களைப் பட்டியலிடும் மதிப்பீட்டையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவர்களுக்கே நேரம் போதும். மதிப்பீட்டுக்குக் கூட்டாட்சி அரசின் இணைய, உள்கட்டமைப்புப் பாதுகாப்பு முகமையான சிசாவின் ஆலோசகர்கள் கட்டணமின்றி வந்து பார்ப்பார்கள்.

துப்பாக்கியைக் கையாளுதல்

2017 நவம்பரில் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சபையில் படுகொலை நடந்த பதினோராம் நாள், டென்னசியின் டெலிகோ பிளெயின்ஸில் ஒரு மெதடிஸ்ட் சபையில் முதியோர் விருந்து. பேச்சு அந்தப் படுகொலையைப் பற்றி. ஒரு பெரியவர் தன் கைத்துப்பாக்கியை எடுத்து, மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) காலிசெய்து காட்டினார். பிறகு மறுபடி நிரப்பி உறையில் வைத்தார். இன்னொருவர் பார்க்கக் கேட்டபோது திரும்ப எடுத்து, காலி என்ற நினைப்பில் விசையை அழுத்திவிட்டார். அவர் கையிலும் மனைவியின் வயிற்றிலும் காயம். ஒவ்வொரு சபையின் துப்பாக்கி விதிக்கும் முதல் வரி இங்கிருந்து கிடைக்கிறது: வளாகத்துக்குள் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வராது. காட்ட, சரிபார்க்க, கைமாற்ற, வண்டி நிறுத்துமிடத்தில் நிரப்ப, எதற்காகவும். உயிருக்கு ஆபத்து கண்முன் இருந்தால் மட்டும்.

நான்கு அடிப்படை விதிகள் எல்லோருக்கும் தெரியும்: எந்தத் துப்பாக்கியும் நிரம்பியதே, சுட விரும்பாத எதன் பக்கமும் குழாய் திரும்பாது, குறி பார்க்கும்வரை விரல் விசையில் இல்லை, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்த பிறகே சுடுவது. சபையில் நான்காவதுதான் தலைவலி. சுவர் என்று நாம் நினைப்பது இரண்டு ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டு அதைத் தாண்டிப் போகும். மண்டபத்தின் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் என்ன என்று எழுதுங்கள். மேடைக்குப் பின்னால் குழந்தைகள் அறை இருந்தால் அந்தத் திசையைச் சிவப்பில் தீட்டி, ஆயுதம் உள்ள ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்திக் காட்டுங்கள். முழு உலோக உறையிட்ட பயிற்சித் தோட்டாக்களை மண்டபத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அவை ஓர் உடலைத் துளைத்து அடுத்தவரையும் எட்டும். முனை குழிந்த தோட்டா அந்த ஆபத்தைக் குறைக்கும், போக்காது.

உறை கடினமான வார்ப்பாக, விசைக் கூண்டை முழுக்க மூடுவதாக, இடுப்புப் பட்டையில் இறுகுவதாக இருக்கட்டும். வீட்டில், காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள், விழுந்தால் மாற்றுங்கள். கைப்பை, வேதாகமப் பை, டயப்பர் பை கூடாது: பையைக் கீழே வைத்துவிட்டு ஜெபத்துக்கு முன்னால் போவோம், குழந்தை திறக்கும். அடுத்த பொறி கழிவறை. கழற்றி மேலே வைத்துவிட்டு மறந்து வருவது அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. உறையிலிருந்து எடுக்காமல், இறக்கிய கால்சட்டையின் இடுப்புக்குள்ளேயே அப்படியே இருக்கட்டும். காரில் விட்டுச்செல்லக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் இருக்கைச் சட்டத்தோடு இரும்புக் கயிற்றால் பிணைத்த பூட்டுப் பெட்டியில். சபை அலமாரியில் இரவு தங்கும் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று: தினமும் இறக்கி ஏற்றும்போது அதே தோட்டா திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் மோதி, அதன் முனையிலுள்ள குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் அமுங்குகிறது. அமுங்கியதைச் சுட்டால் அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மண்டபத்தின் மிக நீளமான தூரத்தை அளந்து, அந்தத் தூரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வு. தவறியவர் அடுத்த முறை தேறும்வரை ஆயுதமில்லாத பணிக்கு மாறுவார். மூப்பராக இருந்தாலும் சரி. மயக்கம் தரும் மருந்து சாப்பிட்ட நாளிலும் அப்படியே. நடிப்புப் பயிற்சிக்கு நீலநிற பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி மட்டும். நிஜத் துப்பாக்கி எதுவும் அந்த அறையில் இல்லை என்று இருவர் சோதிக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவில் காவல்துறையே நடத்திய பொதுமக்கள் பயிற்சியில், வெற்றுத்தோட்டா என்று நினைத்தது நிஜத்தோட்டாவாக இருந்து ஒரு பெண்மணி உயிரிழந்தார்.

இரத்தத்தை நிறுத்துவது

பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் உயிர் போகலாம். ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. மண்டபத்தில் ஒன்று, பிள்ளைகள் பக்கம் ஒன்று என இரண்டு பெட்டி வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டூர்னிகெட் (இரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை), இரத்தம் உறையவைக்கும் காஸ் துணி, அழுத்தக் கட்டு, நெஞ்சுக் காய ஒட்டு இரண்டு, கையுறை, துணி வெட்டும் கத்தரி, மார்க்கர். டூர்னிகெட்டில் போலிகள் நிறைய. பட்டையை முறுக்கி இறுக்கும்போது அதன் கம்பு முறிந்துவிடும். தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தை எழுதுங்கள். வலியால் கத்துவார்கள், தளர்த்தக் கூடாது. இடுப்புமடிப்பு, தோள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிகெட் போட முடியாது. காஸைக் காயத்துக்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். “ஸ்டாப் தி ப்ளீட்” வகுப்பு இதையெல்லாம் ஒரே அமர்வில் கற்றுக்கொடுக்கும். துப்பாக்கிக் குழுவில் சேர விரும்புகிறவர் முதலில் இதை முடித்துவிட்டு வரட்டும்.

நடக்கும்போது

“ஓடு, ஒளி, போராடு” என்பது அமெரிக்க அரசின் வாசகம். இதைத் தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஆங்கில அறிவிப்பு எட்டாது. அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். “ஹேண்ட்ஸ் அப்”, “கெட் டவுன்” என்று போலீஸ் கத்தினால் என்ன செய்வது என்பதை ஒரு ஞாயிறு செய்து காட்டுங்கள். கையில் போன், கைத்தடி எதுவும் இல்லாமல் விரல்களை விரித்து உயர்த்த வேண்டும். போராடுவதற்குத் துப்பாக்கி அவசியமில்லை. 2022 ஜனவரியில் டெக்சஸின் காலிவில்லில் பணயக்கைதியாக இருந்த யூத ரபி நாற்காலியை வீசித் தப்பினார். லகுனா வுட்ஸில் போதகர் ஒருவர் நாற்காலியால்தான் தாக்கியவனை வீழ்த்தினார்.

911க்கு முதலில் முகவரி. வாடகைக் கட்டடத்தில் கூடும் நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. “தமிழ்ச் சர்ச்” என்றால் அழைப்பை எடுப்பவருக்குப் புரியாது. தெருப்பெயர், எண், கட்டடத்தின் பெயர், எந்தப் பக்க வாசல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சமையலறை, ஒலிப்பெட்டி மேசை, ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உட்புறம் என ஒட்டுங்கள். அடுத்து, நம் ஆள் யாரிடம் துப்பாக்கி, என்ன நிறச் சட்டை என்று சொல்ல வேண்டும்.

தாக்கியவன் விழுந்த பிறகு வரும் நிமிடங்களில் நம்மவரே நம்மவரைச் சுடலாம், போலீஸும் சுடலாம். ஒயிட் செட்டில்மென்ட்டில் அவன் விழுந்ததும் வேறு பலரும் துப்பாக்கியை உருவிக்கொண்டு எழுந்தார்கள். 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் கொலைகாரனைச் சுட்டு நிறுத்திய பொதுஜனம் ஒருவரை, அவன் துப்பாக்கியைக் கையில் எடுத்திருந்த நிலையில் பார்த்த காவலர் சுட்டுக் கொன்றார். ஆகவே: அவன் ஆயுதத்தைத் தொட வேண்டாம், காலால் தள்ளினால் போதும். ஆபத்து நின்றதும் உங்கள் துப்பாக்கி உறைக்குள் போகட்டும். சட்டம் அனுமதித்தால் தோளில் போடும் பளிச்சென்ற நிறத் துணிப்பட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்து அப்போது அணியுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு அந்த நிறத்தை முன்பே தெரிவித்துவிடுங்கள். துணிப்பட்டை இருந்தாலும் காவலர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும், விளக்கம் பிறகு.

ஒத்திகை ஆண்டுக்கு இருமுறை, முன்கூட்டியே அறிவித்து. வெடிச்சத்தம், போலி இரத்தம், அதிர்ச்சி வேடிக்கை கூடாது. பிள்ளைகளுக்கு “பூட்டு, விளக்கணை, சத்தமில்லாமல் உட்கார்” மட்டும். எல்லாக் கதவும் பூட்ட எத்தனை விநாடி, மண்டபம் காலியாக எத்தனை நிமிடம், எந்த அறைக்கு வானொலி எட்டவில்லை என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகையில் அனேகமாக ஒரு கதவுக்குச் சாவி கிடைக்காது, ஒரு கதவு சரியாக மூடாது. அடுத்த ஞாயிறுக்குள் அவற்றைச் சரிசெய்ய யார் பொறுப்பு என்று அந்தக் குறிப்பிலேயே பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.